கடைசிக் காலப் பராமரிப்பு: நல்ல மையத்தை அடையாளம் காண்பது எப்படி?

"இனிமே செய்றதுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." நோய் முற்றிய நிலையில் பல குடும்பங்கள் மருத்துவமனையில் கேட்கும் வார்த்தை இது. நோயைக் குணமாக்கச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வலியைக் குறைக்கவும், மூச்சுத்திணறலைத் தணிக்கவும், புண்ணைச் சுத்தமாக வைக்கவும், நோயாளியின் பயத்தையும் வீட்டாரின் தவிப்பையும் ஆற்றவும் நிறையச் செய்யலாம். அதற்கென்றே பயிற்சி பெற்ற மருத்துவர்களும் செவிலியர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதுதான் நோய் ஆதரவு சிகிச்சை. ஆங்கிலப் பெயரில் பேலியேட்டிவ் கேர். வாழ்வின் கடைசி மாதங்களில் இருப்பவர்களுக்கு அதைத் தரும் இடம் ஹாஸ்பிஸ்.

இப்படி ஓர் இடத்தைத் தேடும்போது வீட்டார் கலங்கிப்போயிருப்பார்கள், அவசரத்திலும் இருப்பார்கள். ஏசி அறை உண்டா, ஒரு நாளைக்கு எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளோடு முடிவெடுத்துவிடுவார்கள். ஒரு மையத்தின் தரம் தெரிவது வேறிடத்தில். நோயாளிக்கு வலி ஏறும்போது அங்கே யார் வருகிறார்கள், என்ன கொடுக்கிறார்கள், எவ்வளவு சீக்கிரம் வலி அடங்குகிறது? மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

எங்கிருந்து வந்தது இந்த மருத்துவம்?

1967இல் லண்டனில் டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸ்தான் இன்றைய ஹாஸ்பிஸ்களுக்கு முன்னோடி. சாகும் தறுவாயில் இருப்பவரின் வலி உடம்போடு நிற்பதில்லை. மனக்கலக்கம், பணக்கவலை, குடும்பக் கவலை, ஆன்மிகக் கேள்விகள் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன என்று அவர் சொன்னார். இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸான சாந்தி அவேத்னா 1986இல் மும்பையில் தொடங்கியது. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய சங்கம், தொண்டர்களைக் கொண்டு வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் முறையைக் கேரளம் முழுக்கப் பரவச் செய்தது. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே நோய் ஆதரவுச் சேவை தருவதும் ஓர் அங்கம். அரசு, தொண்டு நிறுவனம், தனியார் என மூவகையிலும் இன்று இந்தச் சேவை கிடைக்கிறது. புற்றுநோய்க்கு மட்டும் உரியதல்ல இது. இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, முற்றிய நுரையீரல் நோய், பக்கவாதம், மறதிநோய் உள்ளவர்களுக்கும் இது தேவைப்படும்.

முதல் கேள்வி: மார்ஃபின் இருக்கிறதா?

எந்த மையத்திலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான். கடுமையான புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்ஃபின்தான் அடிப்படை மருந்து. உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட மூன்று படி வலி நிவாரண முறையில் மேல்படியில் இருப்பது அதுதான். விலையும் குறைவு. ஆனால் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் பல மருத்துவமனைகள் அதை வாங்கி வைப்பதே இல்லை. 2014இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு நடைமுறை எளிதாகியிருக்கிறது. முன்பு பல உரிமங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் 'அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்' என்ற தகுதி பெற்றால் போதும். "உங்களுக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். இல்லை என்றால், கடும் வலி வரும் நாளில் அவர்கள் கையில் போதிய மருந்து இருக்காது.

மருந்து இருந்தால் மட்டும் போதாது, கொடுக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் ஏறக்குறைய நான்கு மணி நேரம் நிற்கும். ஆகவே வலி வந்த பிறகு கேட்டு வாங்கும் மருந்தாக இல்லாமல், கடிகாரத்தைப் பார்த்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். இடையில் வலி பீறிட்டால் கொடுக்கக் கூடுதல் வேளை மருந்தும் சீட்டில் எழுதியிருக்க வேண்டும். மார்ஃபின் மலச்சிக்கலை உண்டாக்கும். அதனால் முதல் மாத்திரையோடு சேர்த்தே மலமிளக்கியும் எழுதுவார்கள். முதல் சில நாள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்வார்கள். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் அளவைக் குறைப்பார்கள் அல்லது வேறு மருந்துக்கு மாறுவார்கள். மார்ஃபின் சீட்டில் மலமிளக்கி இல்லை, காரணமும் சொல்லவில்லை என்றால், எழுதியவருக்கு இந்தத் துறையில் பழக்கம் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

"மார்ஃபின் கொடுத்தா அடிமையாயிடுவாரே, சீக்கிரம் போயிடுவாரே" என்ற அச்சம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. வலிக்குத் தகுந்த அளவில், மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும்போது அடிமையாவது அரிது. அது ஆயுளைக் குறைப்பதும் இல்லை. இந்த அச்சத்தை எள்ளி ஒதுக்காமல் உட்கார்ந்து விளக்கும் குழு நல்ல குழு.

இரவு இரண்டு மணிக்கு யார் ஃபோனை எடுப்பார்கள்?

வலியும் மூச்சுத்திணறலும் ஆஸ்பத்திரி நேரம் பார்த்து வருவதில்லை. உள்நோயாளியாகச் சேர்க்கிற இடமானால், இரவுப் பணியில் பயிற்சி பெற்ற செவிலியர் எத்தனை பேர், மருத்துவர் அங்கேயே தங்குகிறாரா, அழைத்தால் வருகிறாரா என்று விசாரியுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் சேவையானால், இரவில் அழைக்க ஓர் எண் வேண்டும். பேசுபவர் உங்கள் நோயாளியின் கோப்பைப் பார்த்து "இன்னொரு வேளை மருந்து கொடுங்க, அரை மணி நேரம் கழிச்சு நானே கூப்பிடுறேன்" என்று சொல்லும் நிலையில் இருக்க வேண்டும். "எமர்ஜென்சின்னா 108ஐக் கூப்பிடுங்க" என்பது மட்டுமே பதிலாக இருந்தால், நள்ளிரவில் நோயாளி மறுபடியும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

சேர்வதற்கு முன்பே ஒருநாள் இரவு அந்த எண்ணை அழைத்து, சேர்க்கை பற்றி விசாரித்துப் பாருங்கள். யார் எடுக்கிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

முதல் சந்திப்பில் என்ன கேட்கிறார்கள்?

நல்ல குழு ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்ப்பதோடு நிற்காது. வலி எங்கே, எரிகிறதா, குத்துகிறதா, பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்ணினால் எத்தனை என்று நோயாளியிடமே கேட்கும். எரிச்சலும் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் நரம்பு வலியின் அறிகுறிகள். அதற்குத் தனி மருந்து உண்டு. தூக்கம், பசி, மலம் போவது, வாய்ப்புண் என ஒவ்வொன்றாக விசாரிக்கும். பிறகு, "உங்களுக்கு இப்போ பெரிய கவலை எது?" என்றும் கேட்கும். மகள் கல்யாணம், தீராத கடன், சொந்த ஊருக்குப் போக வேண்டும் என்ற ஆசை எல்லாம் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வெளியே வரும்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்று வீட்டார் கேட்பது இங்கே வழக்கம். அனுபவமுள்ள மருத்துவர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். நோயாளியிடம் பொய்யும் சொல்ல மாட்டார். நோயாளி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று மெல்லக் கேட்டு, அவர் கேட்கும் அளவுக்குச் சொல்வார்.

நேரில் போகும்போது கவனிக்க வேண்டியவை

முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பாருங்கள். வரவேற்பறையைத் தாண்டி, மற்ற நோயாளிகளின் தனிமைக்குத் தொந்தரவு தராமல், வார்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

நாற்றத்தைக் கவனியுங்கள். புற்றுநோய்ப் புண்ணின் கடும் நாற்றத்தைப் பெரும்பாலும் கட்டுப்படுத்த முடியும். புண்ணைச் சுத்தம் செய்து, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டுப் போட்டால் சில நாட்களிலேயே நாற்றம் குறையும். அதிகம் செலவில்லாத இந்த வேலையைத் தவறாமல் செய்யும் இடத்தில், உறவினர்கள் நோயாளியின் அருகில் உட்கார்ந்து பேசுவார்கள். செய்யாத இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நிற்பார்கள்.

நோயாளிகளின் உதட்டைப் பாருங்கள். காய்ந்து வெடித்திருந்தால் வாய்ச் சுத்தம் நடக்கவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் குறித்த நேரத்தில் புரட்டிப் படுக்க வைக்கிறார்களா, காற்றுப் படுக்கை வேலை செய்கிறதா, புரட்டிய நேரத்தை எழுதி வைக்கிறார்களா என்று கேளுங்கள். அழைப்பு மணி நோயாளியின் கைக்கு எட்டுகிறதா? சாப்பாடு ஊட்டும்போது ஊழியர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றபடியே அள்ளித் திணிக்கிறாரா? திருநீறு பூசவும், ஜெபிக்கவும், துவா ஓதவும் இடம் தருகிறார்களா? பேரப்பிள்ளைகளை உள்ளே விடுகிறார்களா?

கடைசி நாட்களில் நேர்மை

நோயாளி சாப்பிடுவதை நிறுத்தியதும் "ட்ரிப்ஸாவது ஏத்துங்க" என்று குடும்பம் கெஞ்சும். அன்பில் எழுகிற வேண்டுகோள் அது. கடைசி நாட்களில் உடம்பு உணவையும் நீரையும் ஏற்கும் சக்தியை இழக்கிறது. ஏற்றும் திரவம் கைகால் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் சேரக்கூடும். நல்ல செவிலியர் இதை விளக்கிவிட்டு, ஈரப் பஞ்சால் உதட்டை நனைக்க மகளுக்கோ மகனுக்கோ கற்றுக்கொடுப்பார். மூச்சுத்திணறலுக்கு முகத்தில் மின்விசிறிக் காற்று படவைப்பார். தேவைப்பட்டால் மருத்துவர் குறைந்த அளவு மார்ஃபின் தருவார். பலன் இல்லை என்று தெரிந்தும் பாட்டில் பாட்டிலாக ஏற்றி பில் போடுகிற இடத்தை நம்பாதீர்கள்.

வென்டிலேட்டர் வேண்டுமா, வேண்டாமா என்பது நோயாளியின் விருப்பத்தைப் பொறுத்தது. அந்த விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ உயிலை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும். இது பற்றி மையத்தினரே பேச்செடுக்கிறார்களா என்று பாருங்கள்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

• மையம் மருத்துவ நிறுவனங்களுக்கான சட்டப்படி பதிவு பெற்றிருக்கிறதா? பொறுப்பு மருத்துவர் யார்? நோய் ஆதரவு சிகிச்சையில் அவர் பயிற்சி எங்கே பெற்றார்?
• வாய்வழி மார்ஃபின் எப்போதும் கையிருப்பில் உண்டா?
• இரவிலும் விடுமுறை நாளிலும் யார் பொறுப்பு?
• வீட்டுக்கு வரும் சேவையானால் வாரத்துக்கு எத்தனை முறை வருவீர்கள்? எங்கள் ஊர் உங்கள் எல்லைக்குள் வருகிறதா?
• கட்டணத்தில் எவை அடங்கும்? டயப்பர், கட்டுத்துணி, மருந்து தனியா? எழுத்தில் தருவீர்களா?
• வீட்டாருக்குக் கட்டு மாற்றவும், புரட்டவும், மருந்து கொடுக்கவும் கற்றுத்தருவீர்களா?
• வீட்டில் உயிர் பிரிந்தால் மரணக் காரணச் சான்று யார் தருவார்?
• இறந்த பிறகு குடும்பத்தோடு பேச யாராவது வருவார்களா?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. மாதக்கணக்கில் பார்த்துக்கொண்ட மனைவியோ மகளோ காரியம் முடிந்து உறவினர் போன பிறகுதான் நொறுங்கிப்போகிறார்கள். அவர்களைத் தேடி வந்தோ அழைத்தோ பேசுவதும் இந்தச் சிகிச்சையின் பகுதிதான்.

தவிர்க்க வேண்டிய இடங்கள்

• குணமாக்குவோம் என்று உறுதி கொடுக்கும் இடம்.
• நோயாளியைப் பார்க்காமலே முன்பணம் கேட்கும் இடம்.
• பார்வையாளர் நேரத்தைக் காட்டி, மரணப் படுக்கையில் இருப்பவரிடமிருந்து குடும்பத்தைத் தள்ளி வைக்கும் இடம்.
• வலி பற்றிப் புகார் சொன்னால் "இந்த நோய்க்கு வலி இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லும் இடம்.

சேர்த்த பிறகும் மதிப்பீடு முடிவதில்லை. முதல் இரண்டு மூன்று நாட்களில் வலி கண்கூடாகக் குறைய வேண்டும். நோயாளி இரவில் தூங்க வேண்டும். அது நடக்கவில்லை என்றால் மருத்துவரைக் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால் மாற்றத் தயங்காதீர்கள்.

தாமதிக்காதீர்கள்

பெரும்பாலான குடும்பங்கள் கடைசி வாரத்தில்தான் இந்தச் சிகிச்சையைத் தேடி வருகின்றன. 2010இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு ஆரம்பம் முதலே வழக்கமான சிகிச்சையோடு நோய் ஆதரவு சிகிச்சையும் சேர்த்துத் தரப்பட்டது. அவர்கள் மற்றவர்களைவிட மனச்சோர்வு குறைந்து, நல்ல நிலையில் வாழ்ந்தார்கள். இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள்.

உங்கள் வீட்டில் தீராத நோயோடு ஒருவர் இருந்தால், இந்த வாரமே சிகிச்சை தரும் மருத்துவரிடம் நோய் ஆதரவு சிகிச்சை பற்றிக் கேளுங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ விசாரியுங்கள். இரண்டு மூன்று இடங்களை நிதானமாக நேரில் போய்ப் பாருங்கள். வலியில்லாமல் இருப்பது நோயாளியின் உரிமை. அதை அவருக்காகக் கேட்டு வாங்குவது நம் கடமை.