நாயின் கல்லீரல், பூனையின் எச்சில்

குரும்பாபேட்டையில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு, புதுச்சேரி நகரத்துக்குள் வண்டியில் அடிபட்ட தெருநாயும் வரலாம், மாடியிலிருந்து விழுந்த பூனையும் வரலாம். இரண்டுக்கும் கால்தான் முறிந்திருக்கிறது என்றாலும் வலிக்கு ஒரே மருந்து ஒத்துவராது.

வலியைத் தணிக்கும் அபினி வகை மருந்துகள் போய் ஒட்டிக்கொள்ள நரம்புகளில் ஏற்பிகள் இருக்கின்றன. முக்கியமானது ‘மியூ’. மார்ஃபின் அதில் ஒட்டியதும் நரம்பு முனைக்குள் கால்சியம் நுழையும் வழி அடைபடுகிறது. பொட்டாசியம் வெளியேறும் வழி திறக்கிறது. தண்டுவடத்தில் வலிச் சேதி அடுத்த நரம்புக்குத் தாவ முடியாமல் தேங்கிவிடுகிறது. காயம் என்னவோ அப்படியேதான் இருக்கும். சரி, அபினி என்ற செடிப்பாலுக்கு விலங்குடம்பில் எதற்கு இடம்? 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் குழு விடை கண்டது. உடம்பு தனக்கென்றே இப்படிப் பொருள்களைச் சுரக்கிறது. அந்த இடம் அவற்றுக்கானது. அவர்கள் அவற்றைப் பிரித்தெடுத்தது பன்றி மூளையிலிருந்து!

ஏற்பி எல்லோருக்கும் பொது. மற்றதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. மார்ஃபின் போட்டால் நாயின் கண்மணி சுருங்கும், பூனைக்கோ விரியும். அளவு மிஞ்சினால் பூனை மிரண்டு அலையும். இந்தப் பயத்தில் பூனைகளை வலியோடே விட்டுவைத்த காலமும் உண்டு.

டிரமடால் என்ற வலிமருந்தின் கதை இன்னும் விசித்திரம். இந்த மருந்து வெறும் அரிசி; கல்லீரல்தான் அதைச் சோறாக்கித் தர வேண்டும். மியூ ஏற்பியைப் பலமாகப் பிடிப்பது கல்லீரல் மாற்றித் தரும் பொருளே. பூனையின் கல்லீரல் அதைத் தாராளமாக ஆக்குகிறது, நாயினுடையது கொஞ்சம்தான். மூட்டுவலி நாய்களுக்கு டிரமடால் மாத்திரை பெரிதாக உதவவில்லை என்று ஆய்வும் சொல்லியிருக்கிறது.

அதற்காகப் பூனையின் கல்லீரல் எல்லாவற்றிலும் கெட்டிக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் கிடக்கும் ஒரு பாராசிட்டமால் மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். நம் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் கைவைத்தியம் ஆபத்து.

பூனைக்குத் தோதான வலிமருந்துகளில் ஒன்று புப்ரநார்ஃபின். விழுங்கினால் கல்லீரலே பெரும்பகுதியை அழித்துவிடும். ஆனால் பூனையின் எச்சில் காரத்தன்மை உடையது. அதில் மருந்து மின்னூட்டம் இழந்து வாயின் உட்தோல் வழியே ரத்தத்தில் கலக்கிறது. மருத்துவர் அளந்து கொடுத்ததைக் கன்னத்தின் உட்பக்கம் சொட்டு சொட்டாக விட்டால் போதும், ஊசிகூட வேண்டாம்.