மீனுக்குத் தெரிவது நமக்குத் தெரிவதில்லை

கோடையில் ஏரியிலோ கோயில் குளத்திலோ மீன்கள் கொத்துக்கொத்தாகச் செத்து மிதந்தால் அடுத்து நடப்பதெல்லாம் ஊருக்கு ஊர் ஒரே மாதிரிதான். விஷம் வைத்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பும். குத்தகைக்காரர் முன்விரோதம் என்று புகார் கொடுப்பார். பத்து, பதினொரு மணிவாக்கில் அதிகாரிகள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார்கள். சில இடங்களில் உண்மையாகவே விஷமோ ஆலைக் கழிவோ கலந்திருக்கும். ஆனால் பல சமயம் அந்தத் தண்ணீரில் புதிதாக எதுவும் சேர்ந்திருக்காது. விடியும் முன் சில மணி நேரம் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கும், அவ்வளவுதான்.

தண்ணீருக்கு ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் சக்தி மிகக் குறைவு. ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரையும். உறைநிலைக்கு அருகில் அதே தண்ணீர் 14.6 மில்லிகிராம் வரை தாங்கும். வெயில் ஏற ஏறத் தண்ணீரின் கொள்ளளவு குறைகிறது, மீனின் தேவையோ கூடுகிறது. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்களுக்குத் திணறல் தொடங்கும். 2 மில்லிகிராமுக்குக் கீழே போன நீரை ஆக்சிஜன் பற்றாக்குறை நீர் என்றே நீரியலாளர்கள் கணக்கில் வைக்கிறார்கள்.

பச்சைப் பசேலென்று பாசி படர்ந்த குளம் இதில் பெரிய ஏமாற்றுக்காரன். பகல் முழுக்கப் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைக் கொட்டும். பிற்பகல் மூன்று மணிக்கு அளந்தால் தண்ணீர் தாங்கக்கூடியதைவிட அதிகமாகக்கூட இருக்கும். பொழுது சாய்ந்ததும் வரவு நின்றுவிடும், செலவு நிற்காது. பாசியும் சுவாசிக்கிறது, மீனும் அடிச்சேற்றில் அழுகலைத் தின்னும் பாக்டீரியாவும் சுவாசிக்கின்றன. இரவெல்லாம் கையிருப்பு கரைந்து, விடியலுக்குச் சற்று முன் அடிமட்டத்தைத் தொடும். நடுவில் இரண்டு நாள் மேகமூட்டம் போட்டால் பகல் வரவும் படுத்துவிடும். கோடைமழை கொட்டி மேல்மட்ட நீர் சட்டென்று குளிர்ந்தால், அடியில் ஆக்சிஜனே இல்லாமல் கிடந்த நீர் புரண்டு மேலே வரும். சாக்கடைத் தண்ணீர் சேர்கிற ஊர்க் குளமென்றால் இத்தனைகூட வேண்டாம்.

பத்து மணிக்குப் பிடித்த பாட்டிலில் இந்தக் கதை இருக்காது. அதற்குள் வெயில் ஏறிப் பாசி மறுபடி வேலையைத் தொடங்கியிருக்கும். மீன் செத்த குளத்தை விடியலுக்கு முன் அளக்காமல் நல்ல தண்ணீர் என்று சான்று கொடுப்பது வீண்வேலை.

இறால் பண்ணைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாகப்பட்டினம் பக்கம் வனாமி இறால் வளர்ப்பவர்கள் இரவில் ஏரேட்டரை ஓடவிட்டு, மின்சாரம் போனால் ஜெனரேட்டரைக் கிளப்ப ஆள் வைத்துக் காவல் காப்பது இதற்காகத்தான். பல மாத முதலீடு ஓர் இரவில் போய்விடும்.

அளப்பதற்கு இப்போது மின்கருவிகள் வந்துவிட்டன. ஆனால் ஹங்கேரி வேதியியலாளர் லயோஷ் விங்க்ளர் 1888-இல் சொன்ன முறையைக் கல்லூரி ஆய்வகங்களில் இன்றும் செய்கிறார்கள். கண்ணால் பார்க்கவே சுவையான சோதனை அது. குமிழி ஒன்றுகூட நுழையாமல் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடிக்க வேண்டும். மாங்கனீசு உப்பையும் காரம் கலந்த அயோடைடையும் விட்டு மூடியைப் போட்டுக் குலுக்கினால் வீழ்படிவு திரளும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. பழுப்பில் அமிலம் விட்டால் அயோடின் பிரிந்து நீர் பொன்னிறமாகும். அதைத் தையோசல்பேட்டால் தரம் பார்த்து அளவைச் சொல்லிவிடுவார்கள். செத்த குளத்தின் அடிநீரை எடுத்துச் செய்து, வெள்ளையாகத் திரள்வதை ஒருமுறை பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

இதில் மீனின் பங்கு என்ன? மீனுக்கு விஷயம் முன்பே தெரியும். நீரில் வாழும் உயிர்களுக்குச் சுவாச வேகத்தைக் கூட்டிக் குறைப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் அளவுதான். நீரில் கார்பன் டை ஆக்சைடு எளிதில் கரைந்து போய்விடுவதால் அதை நம்பி எச்சரிக்கை வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே ஆக்சிஜன் குறையத் தொடங்கியதுமே செவுள் வேகமாக அடிக்கும். பிறகு மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து, காற்றை ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தை உறிஞ்சும். விடியற்காலையில் குளத்தின் மேல்மட்டம் முழுக்க வாய்களாகத் தெரிந்தால், இன்னும் சிறிது நேரம்தான் இருக்கிறது என்று பொருள். கட்லாவும் ரோகுவும் முதலில் போகும். விராலும் தேளியும் போகாது. அவற்றுக்குக் காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும் துணை உறுப்புகள் உண்டு. பனையேறிக் கெண்டைக்கும் அப்படியே. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தரங்கம்பாடியில் இருந்த டென்மார்க் படை அதிகாரி டால்டார்ஃப், அந்த மீன் பனைமரத்தில் ஏறியதைக் கண்டதாக எழுதிவைத்தார். மரமேறியதை அறிஞர்கள் இன்றும் சந்தேகிக்கிறார்கள். மேலே வரவிடாமல் வலையால் தடுத்தால் அது தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும் என்பதில் சந்தேகமில்லை. சாக்கடை கலக்கும் குளத்தில் ஆப்பிரிக்கக் கெளுத்தி மட்டும் கொழுத்துத் திரிவதற்கும் இந்தக் காற்றுச் சுவாசமே காரணம்.

கடலிலும் கணக்கு இதேதான், அளவுதான் பெரிது. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததைப் பார்க்கக் கூட்டம் கூடியது. நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிரின் வேலை அது. அடுத்த சில வாரங்களில் அதே நுண்ணுயிர் மன்னார் வளைகுடாவில் மண்டபம், பாம்பன் பக்கம் கடலையே பச்சையாக்கிவிட்டது. அந்தத் திரள் மடிந்து அழுகியபோது சில இடங்களில் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியது. மீன்கள் கரை ஒதுங்கின. இடம்பெயர முடியாத பவளங்கள் இருந்த இடத்திலேயே செத்தன. அரபிக் கடலின் நடு ஆழத்தில், ஏறக்குறைய 150 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் வரை, இயற்கையாகவே ஆக்சிஜன் வறண்ட அடுக்கு ஒன்று இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது அதன் நீர் மேலெழுந்து இந்தியாவின் மேற்குக் கரையோரம் வரை வருகிறது. மனிதன் உண்டாக்கியவை தனி. உரமும் சாக்கடையும் ஓடிவந்து சேர்ந்ததால் உலகில் 400-க்கும் மேற்பட்ட கரையோரப் பகுதிகளில் இத்தகைய பற்றாக்குறை ஏற்பட்டிருப்பதாக 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

இனி உடலுக்கு வருவோம். தம் கட்டிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நெஞ்சு முட்டும், மூச்சு விட்டே ஆகவேண்டும் என்று உடல் அடம்பிடிக்கும். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டதால் வருகிற தவிப்பு என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அந்த நேரத்தில் இரத்தத்தில் ஆக்சிஜன் பெரும்பாலும் போதுமான அளவில்தான் இருக்கும். முட்டுவது வெளியேற வழியில்லாமல் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு. நம் மூச்சின் கடிவாளம் அதன் கையில் இருக்கிறது. கழுத்துத் தமனியில் ஆக்சிஜனை உணரும் சிறு உறுப்பு ஒன்றும் உண்டு. தமனிகளில் உள்ள அத்தகைய உணர்விகள் சுவாசத்தை நெறிப்படுத்தும் விதத்தைக் கண்டறிந்ததற்காக பெல்ஜியத்தின் கார்னெய் ஹைமன்ஸ் 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். ஆனால் அந்த உறுப்பு ஆக்சிஜன் நன்றாகச் சரிந்த பிறகுதான் உரக்கக் குரல் கொடுக்கும்.

கிணற்றில் குதித்துப் போட்டி போடும் பையன்கள், மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டால் அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று நம்புகிறார்கள். தாக்குப்பிடிப்பதும் உண்மை. அப்படிச் செய்வதால் ஆக்சிஜன் இருப்பு அவ்வளவாகக் கூடுவதில்லை, கார்பன் டை ஆக்சைடு மட்டும் குறைந்துவிடுகிறது. முட்டல் வரவேண்டிய நேரத்தில் வராது. அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்கடியில் எந்தத் தவிப்பும் இல்லாமல் நினைவு போய்விடும். நன்றாக நீச்சல் தெரிந்தவர்கள் இப்படிச் சாவது இதனால்தான்.

வானத்தில் இதை அனுபவித்து எழுதிவைத்தவர் பிரான்சின் காஸ்தோன் திசாந்தியே. 1875 ஏப்ரல் 15 அன்று பாரிசிலிருந்து ‘செனித்’ என்ற பலூனில் மூன்று பேர் கிளம்பினார்கள். ஆக்சிஜன் நிரப்பிய பைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. பலூன் 8,000 மீட்டரைத் தாண்டி ஏறியது. திசாந்தியே குழாயை எடுக்க நினைத்தபோது கை அசையவில்லை. ஆனால் அதைப் பற்றி அவருக்குக் கவலையும் வரவில்லை. அந்த உயரத்தில் துன்பம் ஏதும் தெரியவில்லை, உள்ளுக்குள் ஒருவித மகிழ்ச்சிதான் இருந்தது என்று பின்னர் எழுதினார். கண் விழித்தபோது நண்பர்கள் குரோசே-ஸ்பினெல்லியும் சிவேலும் இறந்துகிடந்தார்கள். உடல் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் இருக்கும் உடலின் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. குறைந்தால் முதலில் மங்குவது ஆபத்தை மதிப்பிடும் அறிவுதான்.

2020-இல் மருத்துவர்கள் திகைத்ததும் இந்த இடத்தில்தான். கொரோனா நோயாளி கட்டிலில் உட்கார்ந்து செல்போனில் பேசிக்கொண்டிருப்பார், விரலில் மாட்டிய கருவி இரத்த ஆக்சிஜனை எண்பது சதவீதத்துக்கும் கீழே காட்டும். பழுதான நுரையீரலும் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளிக்கொண்டிருந்ததால் முட்டல் வரவில்லை. இன்னொரு காரணம் ஹீமோகுளோபினின் குணம். நுரையீரலில் ஆக்சிஜனின் அழுத்தம் 100-லிருந்து 60 மி.மீ. பாதரசத்துக்கு இறங்கினாலும் அது 90 சதவீதம் வரை நிறைந்தே இருக்கும். அதற்குக் கீழே போனால் மலைச்சரிவுதான். 94-லிருந்து 90-க்கு வர எடுத்த நேரம், 90-லிருந்து 80-க்கு வரத் தேவைப்படாது.

அந்த விரல் கருவியின் அடிப்படைக் கருத்தை 1974-இல் உருவாக்கியவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி. உலகமே அதைத் தேடி மருந்துக் கடைகளில் நின்ற 2020 ஏப்ரலில் அவர் காலமானார். கருவி நல்லதுதான், அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். கருநிறத் தோலில் அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டும் வாய்ப்பு அதிகம் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளியானது. நம் ஊருக்கு இது சின்ன விஷயமில்லை. விரலில் மருதாணி, நகப்பூச்சு, குளிர்ந்த கை எல்லாம் குழப்பும். இரத்தசோகை இதையெல்லாம்விடப் பெரிய குழப்பம். ஓடுகிற பஸ்களில் இருக்கை நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது இந்தக் கருவி. மொத்தம் எத்தனை பஸ் ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. ஹீமோகுளோபின் பாதியாகக் குறைந்தவருக்கும் 98 என்றே காட்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லும் பெண்ணிடம் 98-ஐக் காட்டி ஒன்றுமில்லை என்று அனுப்புவது சரியான வைத்தியமல்ல.

குளமும் உடலும் ஒன்றாகச் சிக்கிக்கொள்ளும் இடம் பாழுங்கிணறும் செப்டிக் டேங்கும். குளத்தின் சேற்றில் நடந்த அதே அழுகல்தான் இங்கேயும் நடக்கிறது, ஆனால் மூடிய குழிக்குள். பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும். கனமான வாயுக்கள் அடியில் தேங்கும். செய்தியில் ‘விஷவாயு தாக்கி’ என்று வருவதில் ஒரு பகுதி இந்த ஆக்சிஜன் வறட்சி. ஆக்சிஜன் அறவே இல்லாத காற்றை ஓரிரு முறை இழுத்தாலே போதும், நுரையீரலுக்கு வரும் இரத்தம் தன்னிடம் இருந்த மிச்சத்தையும் அங்கே விட்டுவிட்டுப் போகும். மனிதன் கூப்பிடக்கூட நேரமில்லாமல் சரிவான். கூடவே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால், அழுகிய முட்டை நாற்றம் ஓர் எல்லைக்கு மேல் தெரியாமலே போய்விடும். செறிவு கூடினால் அது மோப்ப நரம்பையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று நிம்மதியாக இறங்குவதுதான் ஆபத்து.

கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். அதில் அறிவு இருக்கிறது, பாதுகாப்பு போதாது. வேலை செய்பவருக்குக் காற்றில் குறைந்தது 19.5 சதவீதம் ஆக்சிஜன் வேண்டும். சுடர் அணைவது ஏறக்குறைய 16 சதவீதத்தில். இடைப்பட்ட காற்றில் விளக்கு எரியும், ஆளுக்குத் தலை சுற்றும். ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பற்றி விளக்கு எதுவும் சொல்லாது. மீத்தேன் இருந்தால் விளக்கே வினை.

கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்த பிறகும் சாவுச் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒருவர் விழுந்ததும் காப்பாற்றப் போன மகனோ தம்பியோ அடுத்து விழுவது அநேகமாக ஒவ்வொரு செய்தியிலும் இருக்கிறது. கயிற்றில் கட்டி இறக்கும் வாயு அளவிக் கருவி ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு, தீப்பிடிக்கும் வாயு நான்கையும் அளக்கும். மேலே, நடுவில், அடியில் என மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும், ஏனென்றால் மேலே நன்றாக இருக்கும் காற்று அடியில் இருக்காது. தொட்டியை எந்திரம் வைத்து உறிஞ்சுவதுதான் முறை. வேறு வழியே இல்லாமல் பாழுங்கிணற்றில் ஆள் இறங்கத்தான் வேண்டுமென்றால், வெளிக்காற்றை உள்ளே செலுத்தும் ஊதுவிசிறி ஓட வேண்டும், இறங்குபவர் இடுப்பிலும் தோளிலும் வார்ப்பட்டை கட்டி அதன் கயிறு மேலே முக்காலியில் மாட்டியிருக்க வேண்டும். அவர் பேச்சு நின்றால் மேலே நிற்பவர் கயிற்றை இழுத்தால் போதும், உள்ளே இறங்க வேண்டியதில்லை.