இரைப்பை நிணநீர்ப் புற்றுநோய்: ஒரு விளக்கம்

புற்றுநோய் என்றதும் அறுவைச் சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், இரு வார காலம் உட்கொள்ளும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் பெரும்பாலும் மறையக்கூடிய அரிய புற்றுநோயொன்றும் உண்டு. இரைப்பையின் சீதமென்சவ்வைச் சார்ந்த நிணநீரிழையத்தில் தோன்றும் அதனை ‘மோல்ற் லிம்போமா’ என்பர். 1983 இல் பீற்றர் ஐசாக்சனும் டெனிஸ் றைற்றும் இவ்வகையை முதலில் விபரித்தனர்.

இங்கு ஒரு முரண்பாடு எழுகின்றது. இயல்பான இரைப்பையில் அத்தகைய நிணநீரிழையம் இல்லை. இல்லாத இழையத்தில் நோய் தோன்றுவது எங்ஙனம்? அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் 1982 இல் பரி மார்ஷலும் றொபின் வொறனும் வளர்த்துக் காட்டிய ஹெலிக்கோபக்ரர் பைலோரி எனும் பற்றீரியாவே இதற்கு விடை தந்தது. அதன் நீடித்த தொற்று நிணநீர்க் கலங்களை இரைப்பைச் சுவரில் திரளச் செய்கின்றது. தொற்றினால் தூண்டப்பெறும் ‘ரி’ கலங்கள் ‘பி’ கலங்களின் பெருக்கத்தை ஊக்குகின்றன; காலப்போக்கில் அப்பெருக்கமே புற்றாகின்றது. அவ்வாறாயின், தூண்டலை நீக்கினால் புற்றும் தேயவேண்டும். 1993 இல் வதர்ஸ்பூன், ஐசாக்சன் முதலியோர் ஆறு நோயாளருக்கு நுண்ணுயிர்க்கொல்லிகளை அளித்தனர். ஐவரிடம் நோய் மறைந்தது.

நோயை இனங்காண்பது எளிதன்று. மேல்வயிற்று நோவு, சமிபாட்டுக் குறைவு முதலிய குறிகள் சாதாரண இரைப்பை அழற்சியிலும் உள்ளவை. நோய் பல இடங்களிற் சிதறியிருக்கலாமாதலால், உள்நோக்கிக் குழாய் மூலம் பல பகுதிகளிலிருந்து இழையத் துண்டுகளை எடுத்து ஆராய்தல் அவசியம். 11 ஆம், 18 ஆம் நிறமூர்த்தங்களிடையே இடமாற்றம் காணப்படின், நுண்ணுயிர்க்கொல்லிகள் பெரும்பாலும் பயன் தருவதில்லை. அத்தகையோருக்குக் குறைந்தளவான கதிர்ச் சிகிச்சையோ றிற்றுக்சிமாப் மருந்தோ உதவும்.

தொற்று நீங்கியபின்னும் புற்று முற்றாக மறைய ஓராண்டுக்கு மேலுஞ் செல்லலாம். அதுவரை உள்நோக்கிப் பரிசோதனையை மீளமீளச் செய்து பொறுத்திருத்தல் வேண்டும். பொறுமையிழந்து இரைப்பையை அகற்றுவது நோயாளிக்கு இழைக்கும் தீங்காகும்.

மருந்து மலிவானது, நோயைச் சரியாக இனங்காணும் வசதியே அரியது. உள்நோக்கிக் கருவியும் தேர்ந்த நோயியலாளரும் பெருநகரங்களில் மாத்திரம் இருப்பின், கிராமத்து நோயாளிக்கு இக்கண்டுபிடிப்பு எட்டாக்கனியே. கண்மூடித்தனமான நுண்ணுயிர்க்கொல்லிப் பாவனையோ பற்றீரியாவுக்கு எதிர்ப்பாற்றலை அளித்து, கையிலுள்ள எளிய மருந்தையும் பயனற்றதாக்கிவிடும். இவ்விரண்டும் மருத்துவருக்கு மட்டுமன்றிச் சமூகத்துக்கும் உரிய பிரச்சினைகள் என்பதே எமது கருத்தாகும்.