நிகழ்ச்சிகளின் முன்பின் முறையும் அதனைப் படமாக வரைதலும்

ஒரு செய்தியைச் சொல்லும் முறையும், அச்செய்தியில் அடங்கிய காரியங்கள் நிகழ்ந்த முறையும் எப்பொழுதும் ஒன்றாயிருப்பதில்லை. "கதவு உடைந்து கிடந்தது, முந்திய இரவு பெருங்காற்று வீசியிருந்தது" என்று ஒருவர் கூறுவாராயின், முதற்கண் சொல்லப்பட்டது பின்னர் நிகழ்ந்தது, பின்னர்ச் சொல்லப்பட்டது முன்னர் நிகழ்ந்தது. கேட்போர் இதனைத் தம் மனத்துள் தாமே சீர்செய்துகொள்கின்றனர். அங்ஙனம் சீர்செய்துகொண்டதைக் காகிதத்தில் வரைந்து காட்டுக என்று கேட்டால் மட்டும் பலரும் இடர்ப்படுவர். அவ்விடர் எத்தகையது என்பதையும், அதனை நீக்க அறிஞர் கண்ட வழியையும் எம்மால் இயன்ற அளவு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

வகுப்பிற் பயிற்சிக்கென்று யாமே எழுதிய ஒரு சிறு குறிப்பை முதலில் தருகின்றோம்: "நோயாளி செவ்வாய்க்கிழமை காலை மருத்துவமனைக்கு வந்தார். அதற்கு இரண்டு நாள் முன்னரே வயிற்றுவலி தொடங்கியிருந்தது. அன்று மாலை மருந்து கொடுக்கப்பட்டது. புதன்கிழமை வலி தணிந்தது. உடலிற் செந்தடிப்புக் காணப்பட்டது. அது மறைந்தபின், வியாழக்கிழமை வீடு திரும்பினார்."

இதனை மாணவர் சிலரிடம் கொடுத்து, ஒரு கோடு கிழித்து நிகழ்ச்சிகளை அதன்மேல் முறையே குறிக்கச் சொன்னோம். ஏறக்குறைய அனைவரும் செந்தடிப்பை மருந்துக்குப் பின்னே குறித்துவிட்டனர். குறிப்பு அவ்வாறு சொல்லவில்லையே! தடிப்பு மறைந்த பின்னர் வீடு திரும்பினார் என்பதொன்றே அதிலுள்ளது. மருந்துக்கு முன்னோ பின்னோ என்பது அதில் இல்லை. இஃது அற்பமான பிழையன்று. தடிப்பு மருந்துக்குப் பின் தோன்றியதாயின், மருத்துவர் அம்மருந்தையே ஐயுற்று இனி அவருக்கு அதனைக் கொடாது விலக்குவார். முன்னரே இருந்ததாயின், அது நோயின் அறிகுறியாகலாம். கோடு கிழித்த மாணவர், நூலிலில்லாத தீர்ப்பொன்றைத் தம்மையறியாமலே எழுதிவிட்டனர்.

கணிப்பொறியைக் கொண்டு உரைகளை ஆராய்வோர், இத்தகைய தொடர்புகளை உரையின்மேலேயே குறியிட்டு வைக்கும் ஒரு முறையை வகுத்திருக்கின்றனர். அமெரிக்காவில் பிராண்டைஸ் சர்வகலாசாலையைச் சார்ந்த ஜேம்ஸ் புஸ்டெஜாவ்ஸ்கி என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும் 2002-ஆம் ஆண்டிலே தொடங்கிய இம்முறைக்கு டைம்எம்எல் என்று பெயர். வந்தார், தொடங்கியது, மறைந்தது என்னும் நிகழ்ச்சிச் சொற்களுக்கு ஒரு குறி. செவ்வாய்க்கிழமை, இரண்டு நாள் என்னும் காலச் சொற்களுக்கு வேறொரு குறி. முன், பின், பொழுது என்று தொடர்பைச் சுட்டும் சொற்களுக்கு மற்றொரு குறி. பின்னர், எந்த நிகழ்ச்சி எதற்கு முந்தியது, எதனுள் அடங்கியது என்பதை இணைப்புகளாக எழுதுவர். இவ்வாறு குறியிடப்பெற்ற 183 ஆங்கிலச் செய்திக் கட்டுரைகள் 2006-இல் டைம்பேங்க் என்னும் தொகுதியாக வெளிவந்தன. 2012-இல் அமெரிக்க மருத்துவமனைக் குறிப்புகள் 310-ஐ ஆளடையாளம் நீக்கி இதையொத்த வகையிற் குறியிட்டு, பல ஆராய்ச்சிக் குழுவினர் தத்தம் திறமையைச் சோதித்துக்கொண்டனர்.

இரண்டு நிகழ்ச்சிகளுக்குள் எத்தனை வகைத் தொடர்பு இருத்தல் கூடும்? மூன்றுதான் என்று சட்டெனச் சொல்லத் தோன்றும். ஆனால் நிகழ்ச்சிகள் புள்ளிகள் அல்ல. தொடக்கமும் முடிவும் உடையவை. இதனைக் கருதி 1983-இல் ராச்செஸ்டர் சர்வகலாசாலையின் ஜேம்ஸ் ஆலன் பதின்மூன்று தொடர்புகளை வகுத்தார். ஒன்று மற்றொன்றை முற்றும் முந்துதல், ஒன்று முடியுமிடத்தே மற்றது தொடங்குதல், ஒன்றன் பிற்பகுதி மற்றதன் முற்பகுதியோடு கலத்தல், உடன்தொடங்கி முன்முடிதல், நடுவே அடங்குதல், பின்தொடங்கி உடன்முடிதல் என ஆறு. அவற்றைத் திருப்பிச் சொல்ல வேறு ஆறு. முழுதும் ஒத்திருத்தல் ஒன்று. இவற்றைக் கொண்டு எழுதாததையும் உய்த்துணரலாம். வலி தொடங்கியது வருகைக்கு முன்; வருகை மருந்துக்கு முன்; ஆகவே வலி தொடங்கியது மருந்துக்கு முன். எழுதியவர் இதனைச் சொல்லவேண்டுவதில்லை. ஆயின் மருந்தும் தடிப்பும் வீடு திரும்புதலுக்கு முற்பட்டவை என்பதிலிருந்து, அவ்விரண்டிற்கும் இடையேயுள்ள முறையைப்பற்றி ஒன்றும் பெறப்படாது. பதின்மூன்றும் அங்கே கூடுவனவே. மாணவர் வழுக்கி விழுந்த இடமும் அதுவே.

நம் தமிழிற் குறியிடப் புகுவார்க்கு வினையெச்சங்கள் பெருந்துணையாகும் என்று யாம் முதலிற் கருதினோம். செய்து என்னும் வாய்பாடு முடிக்கும் வினைக்கு முற்பட்ட காலத்தைக் காட்டும் என்று இலக்கணம் பயின்றோர் அறிவர். "உண்டு வந்தான்" என்றால் உண்டல் முன், வருதல் பின். ஆனால் "நடந்து வந்தான்" என்பதிலோ நடத்தலும் வருதலும் ஒருங்கே நிகழ்வன. செய என்னும் வாய்பாடு இன்னும் இடர் தருவது. "மழை பெய்யக் குளம் நிறைந்தது", "சூரியன் மறைய வந்தான்", "உண்ண வந்தான்" என்னும் மூன்றிலும் உருவம் ஒன்றே. எச்சவினையோ முறையே முடிக்கும் வினைக்கு முன்னும், உடனும், பின்னும் நிற்கின்றது. ஆதலின் உருவத்தை மட்டும் நோக்கிக் குறியிடுவார் பிழைபடுவர்.

இனிப் படத்திற்கு வருவோம். இணைப்புகளை அட்டவணையாக எழுதினால் பிழையிராது. கண்ணுக்கு ஒன்றும் தோன்றவும் தோன்றாது. எம் குறிப்பிலே ஏழு நிகழ்ச்சிகளே உள்ளன. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 21 இணைகள். ஐம்பது நிகழ்ச்சிகளுள்ள ஒரு கட்டுரையிலோ 1225 இணைகள். அவற்றுக்கெல்லாம் அம்பு வரைந்தால் குருவிக்கூடு போன்ற ஒன்று கிடைக்குமேயன்றிப் படம் கிடையாது.

நேர்கோட்டிலே காலத்தை வரைதல் பழைய வழக்கம். பிராணவாயுவைக் கண்டறிந்தோருள் ஒருவராகிய ஜோசப் பிரீஸ்ட்லி, இங்கிலாந்தில் வாரிங்டன் நகரில் ஆசிரியராயிருந்த காலத்தில், 1765-இல் ஒரு படம் வெளியிட்டார். அதில் ஏறத்தாழ இரண்டாயிரம் பெரியோர்களின் ஆயுட்காலம் தனித்தனிக் கோடுகளாக வரையப்பட்டிருந்தது. ஒருவர் பிறந்த ஆண்டோ இறந்த ஆண்டோ ஐயத்திற்குரியதாயின், கோட்டின் அம்முனையைத் தொடர்ந்து வரையாமற் புள்ளிகளாக விட்டார். தமக்குத் தெரியாததைத் தெரியாதது என்றே வரைந்த அந்நேர்மை எம்மை மிகவும் கவர்ந்தது. ஆயினும், ஆண்டு ஏறக்குறைய தெரிந்த இடத்திலன்றோ புள்ளிகள் உதவும்? தடிப்பைப்போல முன்னென்றும் பின்னென்றும் அறியாத ஒன்றை நேர்கோட்டின் எப்பக்கத்தில் வைத்தாலும் அது பொய்யாகிவிடும்.

டைம்எம்எல் குறிகளை வரைதற்கென்று, பிராண்டைஸைச் சார்ந்த மார்க் வெர்ஹாகன் 2007-இல் டிபாக்ஸ் என்னும் ஒரு முறையை விளக்கினார். நிகழ்ச்சிகளும் காலங்களும் பெட்டிகளாக வரையப்படும். முந்தியதிலிருந்து பிந்தியதற்கு இடமிருந்து வலமாக ஓர் அம்பு. ஒன்று மற்றொன்றனுள் அடங்கியதாயின் பெட்டிக்குள் பெட்டி. உடனிகழ்ச்சியாயின் ஒன்றன்மேலொன்றாக அடுக்கு. இம்மூன்றே விதி. முந்துதலைச் சொல்வது அம்பேயாகலின், அம்பில்லாத இரண்டு பெட்டிகளில் ஒன்று இடப்பக்கம் நிற்பதனாலேயே அது முந்தியது என்று கொள்ளுதல் தவறு.

எம் குறிப்பை இவ்விதியையொட்டி வரைந்து பார்த்தோம். செவ்வாய்ப் பெட்டிக்குள் வருகையும் மருந்தும். அவற்றிடையே ஓர் அம்பு. வலி தொடங்கிய பெட்டி வெளியே இடப்பக்கம் நின்று, வருகையை நோக்கி அம்பு விடுகின்றது. புதன் பெட்டிக்குள் வலி தணிதல், வியாழன் பெட்டிக்குள் வீடு திரும்புதல். தடிப்பும் அது மறைதலும் மட்டும் கீழே தனி வரிசையில் நிற்க, அவ்வரிசையிலிருந்து ஓரம்பு வீடு திரும்புதலைச் சென்று சேர்கின்றது. இரண்டு வாய்க்கால்கள் வெவ்வேறு வழியாக வந்து ஒரே மதகிற் கூடுதல்போலப் படம் அமைந்தது. மருந்துக்கும் தடிப்புக்கும் இடையே ஒன்றுமில்லை என்பது பார்த்தவுடனே புலனாயிற்று.

இம்முறையிலும் குறையுண்டு. ஒன்றன் பிற்பகுதி மற்றதன் முற்பகுதியோடு கலக்குமாயின் பெட்டிக்குள் பெட்டி அதற்குப் பொருந்தாது; யாம் வலியைச் செய்ததுபோல, தொடக்கத்தையும் முடிவையும் தனித்தனி நிகழ்ச்சிகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நன்மையும் ஒன்று கூடுதலாக உண்டு. குறியிட்டவர் அயர்ந்து, ஒன்று இரண்டுக்கு முன், இரண்டு மூன்றுக்கு முன், மூன்று ஒன்றுக்கு முன் என்று எழுதியிருந்தால், அட்டவணையில் அது மறைந்துகிடக்கும்; படத்திலோ வலமாகவே செல்லவேண்டிய அம்பு திரும்பி வர வழியின்றி நின்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பெருந்தொகுதிகளில் இத்தகைய முரண்களைத் தேடுதல் கணிப்பொறிக்கும் எளிதன்று. ஆலனின் பதின்மூன்றையும் கலந்து தடையின்றி வழங்கினால், நிகழ்ச்சிகள் பெருகுந்தோறும் உழைப்பு அளவுகடந்து பெருகக்கூடும் என்பதை விலைன், காட்ஸ் என்னும் இருவர் 1986-இலேயே எடுத்துக்காட்டினர்.

பெட்டிப் படத்தை மறுநாள் வகுப்பிற் காட்டினோம். தடிப்பைக் கோட்டில் மருந்துக்குப் பின் குறித்திருந்த மாணவர் ஒருவர் அதனைச் சிறிது நேரம் உற்று நோக்கிவிட்டு, "ஐயா, தடிப்பு எப்பொழுது வந்தது என்று இக்குறிப்பை எழுதியவரைக் கேட்க வேண்டுமல்லவா?" என்றார். எழுதியவர் யாமே, அதனை யாமும் எண்ணி வைத்திருக்கவில்லை என்று ஒப்புக்கொண்டோம்.