வானத்தின் வழிகள் – 7: வடதுருவம் சுற்றி டோக்கியோ

பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கும் ஜப்பானின் டோக்கியோவுக்கும் எவ்வளவு தூரம்? பூமி உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தால், சுமார் 7,800 கிலோமீட்டர். அந்த நூல் பெரும்பாலும் ரஷ்யாவின் மேலேயே கிடக்கும். 2022 பிப்ரவரி வரை பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவனத்தின் விமானங்கள் சைபீரியாவைக் கடந்து ஒன்பது, ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தன. ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்கு ஹெல்சிங்கிதான் குறுக்குவழி என்று சொல்லியே அந்த நிறுவனம் வளர்ந்தது.

உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த சில நாட்களில் ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வானத்தை மூடின. பதிலுக்கு ரஷ்யாவும் மூடியது. இரண்டு ஊர்களும் இருந்த இடத்திலேயே இருக்க, பயணம் மட்டும் பதின்மூன்று மணி நேரமாக நீண்டது. விமான நிலையங்களுக்கு இடையிலான தூரப் பட்டியலை நான் முழுதாக நம்பாததற்கு இதுவே காரணம். யாருடைய வானம் யாருக்குத் திறந்திருக்கிறது என்பது அதில் இருக்காது.

இப்போது டோக்கியோவிலிருந்து கிளம்பும் விமானம் ஹெல்சிங்கிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பசிபிக் பக்கம் வடகிழக்காகப் போகிறது. அலாஸ்காவை ஒட்டி மேலேறி, வடதுருவத்தைக் கடந்து, நார்வே வழியாக இறங்குகிறது. மேற்கிலிருந்து வீசும் உயர்வானக் காற்றை எதிர்த்துப் போராடுவதைவிட இந்தச் சுற்று மேல். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ போகும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும் என்பதால், பெரும்பாலும் தெற்கே இறங்கி மத்திய ஆசியா, சீனா வழியாகப் போகிறார்கள்.

துருவப் பாதை விளையாட்டல்ல. அங்கே காந்தத் திசைகாட்டியை நம்ப முடியாது. விமான எரிபொருள் உறையும் நிலை வகையைப் பொறுத்து மைனஸ் 40 அல்லது 47 டிகிரி; வெளிக்குளிர் அதையும் தாண்டும் என்பதால், தொட்டியின் வெப்பநிலையை விமானிகள் கவனித்தபடியே இருக்க வேண்டும். ஓர் என்ஜின் நின்றுவிட்டால் அருகிலுள்ள ஓடுபாதையை எட்ட எவ்வளவு நேரம் என்ற கணக்குக்கே தனி அனுமதி தேவை. நேரம் நீண்டதால் விமானிகள் கூடுதலாக வேண்டும், எரிபொருளும் கூடுதலாக வேண்டும். அந்த எடைக்கு ஈடாகச் சரக்கைக் குறைக்க வேண்டியிருக்கிறது.

இந்த வழி ஃபின்னேருக்குப் புதிதல்ல. சோவியத் வானம் பெரும்பாலும் மூடியிருந்த 1983-இல், டிசி-10 விமானத்தில் கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்தி, வடதுருவமும் பேரிங் நீரிணையும் கடந்து நிற்காமல் டோக்கியோ போனார்கள். மற்ற ஐரோப்பிய நிறுவனங்கள் பல அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்த காலம் அது. அதே ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி, ஆங்கரேஜிலிருந்து சோல் போன கொரிய விமானம் பாதை விலகி சோவியத் எல்லைக்குள் புகுந்தது. சுட்டு வீழ்த்தப்பட்டதில் 269 பேரும் இறந்தார்கள். சோவியத் வானத்தைத் தொடாமல் சுற்றிப் போனதன் அருமை இதிலிருந்து புரியும்.

இன்று சீன விமானங்கள் சைபீரியாவுக்கு மேலேயே ஐரோப்பா போய் வருகின்றன. அந்தக் குறுக்குவழியை இழந்த ஃபின்னேர் சில விமானங்களைப் பணியாளர்களோடு வேறு நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டது; தோஹா போன்ற வேறு திசைகளைத் தேடிப் போனது.

(தொடரும்)