பூர்ச்சமரப்பட்டை வீடு

அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தில் பெரும்புகழ் பெற்றவை லாரா இங்கல்ஸ் வைல்டரின் ‘சிறுவீடு’ நூல்கள். வெள்ளையர் குடும்பமொன்று மேற்கே குடியேறிய கதையைச் சொல்லும் அவற்றுள் 1935இல் வெளிவந்த நூல், அந்நிலத்தில் மனிதரே இல்லை, இந்தியர் மட்டுமே வாழ்ந்தனர் என்றது. இந்தியர் என்றது அங்குள்ள தொல்குடியினரை. 1953இல்தான் ‘மனிதர்’ என்பது ‘குடியேறியோர்’ எனத் திருத்தப்பட்டது. அச்சொல்லைப் படித்து வளர்ந்த தொல்குடிச் சிறார் தம்மை யாரென்று எண்ணியிருப்பர்?

அத்தொல்குடியினரின் வீட்டுக்குள்ளிருந்தே கதை சொல்கிறது, லூயிஸ் எர்ட்ரிக் 1999இல் எழுதிய ‘பூர்ச்சமரப்பட்டை வீடு’. எர்ட்ரிக் ஒஜிப்வே இனத்தவர். சுப்பீரியர் ஏரியிலுள்ள மேடலின் தீவில் தம் முன்னோர் வாழ்ந்ததை அவர் குடும்பத்தார் ஆராய்ந்தறிந்தனர். அத்தீவில் 1847இல் வாழும் ஏழு வயதுச் சிறுமி ஓமகயாஸ் கதைத்தலைவி ஆனாள். அப்பெயரும் பழைய குடிக்கணக்கில் கண்டெடுக்கப்பட்டதே.

நூல் நான்கு பருவங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. கோடையில் மரப்பட்டை உரித்து வீடு கட்டுகின்றனர்; இலையுதிர்காலத்தில் ஏரியில் தானே விளையும் நெல்லைச் சேர்க்கின்றனர். தோல் பதனிடும் வேலையைக் கண்டாலே ஓமகயாசுக்கு வெறுப்பு. மரபைக் காட்சிப்பொருளாக்கும் எழுத்தில் இவ்வெறுப்புக்கு இடமிராது. பனி பெய்த பின்னரே பழங்கதைகளைச் சொல்வது ஒஜிப்வே வழக்கம். பாட்டியின் கதைகளும் குளிர்காலத்திலேயே வருகின்றன.

அக்குளிர்காலத்தில்தான் ஊருக்கு வந்த விருந்தினன் ஒருவனிடமிருந்து பெரியம்மை பரவுகிறது. குடும்பத்தினர் ஒவ்வொருவராய் வீழ, பாட்டியும் ஓமகயாசும் மட்டும் நோயுறாமல் பணிவிடை செய்கின்றனர். அவள் கண்ணெனப் போற்றிய தம்பி நீவோ இறக்கிறான். தன்னை மட்டும் நோய் ஏன் தீண்டவில்லை என்பதற்கு விடை, நூலின் இறுதியில் முதியவள் ஒருத்தியின் வாயிலாகக் கிடைக்கிறது. அம்மையால் அனைவரும் மாண்ட வேறொரு தீவில் எஞ்சிய ஒரே குழந்தை அவள். முன்னமே அந்நோய் கண்டு மீண்டவள். ஓரினத்தையே வாட்டிய பேரழிவு, வரலாற்றுப் பாடமாக அன்றி, ஒரு சிறுமி தன்னைத் தானே அறியும் தருணமாக இங்கே உருப்பெறுகிறது.

2005இல் வெளிவந்த அடுத்த நூலில், பெரியோர் கூடிப் பேசும்போது பிள்ளைகள் பரிசுக்காகப் பேசாதிருக்கும் விளையாட்டு ஒன்று வருகிறது. ஓமகயாசும் வாய்மூடி அமர்ந்திருக்கிறாள். பெரியோர் பேசிக்கொண்டிருப்பதோ, தீவை விட்டு வெளியேறுமாறு அரசு பிறப்பித்துள்ள ஆணையைப் பற்றி.