உரத்தொட்டிக்குச் சருகு

வீட்டு உரத்தொட்டி சில நேரம் நாறுகிறதே, எதனால்? காய்கறித் தோல், பழத்தோல், வடிகட்டிய டீத்தூள் எல்லாமே ஈரமும் நைட்ரஜனும் நிறைந்தவை. அவை மட்டும் சேர்ந்தால் குழைந்து அமுங்கி, உள்ளே காற்று புக வழியில்லாமல் போகும். காற்றில்லாத இடத்தில் பெருகும் நுண்ணுயிர்கள்தான் அந்த நாற்றத்தைக் கிளப்புகின்றன. இதற்குத் தீர்வு வாசலிலேயே கிடக்கிறது: வேப்பஞ்சருகு, காய்ந்த மாவிலை. கூட்டித் தீ வைத்துவிட்டால் எவ்வளவு பெரிய இழப்பு! காய்ந்த இலையில் கார்பன் அதிகம். அது ஈரத்தை உறிஞ்சும், இடையே காற்றையும் விடும். ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு போட்டால் நாற்றம் அடங்கி மண்வாசனை வரும். மீன், இறைச்சி மிச்சம் மட்டும் வேண்டாம், எலி வந்துவிடும்.